வீட்டுக்குள் பெரிய சுத்தம்: பாதியில் மாட்டிக்கொண்டேன், படுக்க இடமில்லை

#1 பரண்பூனை | சனி, இரவு 9:40

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். ஒரே நாளில் மொத்த வீட்டையும் உள்ளே சுத்தம் செய்து முடித்துவிட வேண்டும் என்பது திட்டம்.

முதலில் படுக்கையறை அலமாரியைக் காலி செய்து துணிகளைக் கட்டிலில் குவித்தேன். அதற்குள் ஒரு பழைய ஆல்பம் கிடைத்தது, அதிலேயே முக்கால் மணி நேரம் போனது. அப்புறம் பரணில் இருந்ததை எல்லாம் இறக்கிக் கூடத்தில் அடுக்கினேன். சமையலறையின் மேல் தட்டையும் காலி செய்தேன். அதை ஏன் செய்தேன் என்று இப்போது எனக்கே விளங்கவில்லை. மூன்று மணிக்குக் கூடத்துத் தரையைப் பளபளவென்று துடைத்தேன். நான்கு மணிக்கு அண்ணாந்து பார்த்தால் மின்விசிறி கறுப்பாக இருந்தது. ஏறித் துடைத்தேன். அதன் தூசி முழுவதும் துடைத்த தரையில்.

இப்போது கட்டிலில் துணி, கூடத்தில் பெட்டிகள், சமையல் மேடையில் பாத்திரம். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

எதில் ஆரம்பித்து எதில் முடிப்பது என்று ஒழுங்காகச் செய்பவர்கள் சொல்லுங்கள். குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் படிந்திருப்பது எதில் போகும்? மெத்தையை என்ன செய்வது? வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து ஊற்றினால் எல்லாம் போகும் என்கிறார்களே, உண்மையா?

#2 சோம்பேறிசங்கம் | சனி, இரவு 9:52

கட்டிலில் இருக்கும் துணியைத் தரையில் தள்ளிவிட்டுத் தூங்குங்கள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

#3 ஒட்டடைக்கோல் | சனி, இரவு 10:15

சிரிப்பு வந்தாலும், #2 சொன்னதில் பாதி சரி. இன்றைக்குப் புதிதாக எதையும் தொடாதீர்கள். கட்டிலில் இருக்கும் துணியை இருந்தபடியே திரும்ப அலமாரிக்குள் வையுங்கள். மடிக்க வேண்டாம், பிரிக்க வேண்டாம். படுக்கையறை மட்டும் இன்று இரவு வீடாக இருக்கட்டும்.

நீங்கள் தப்பு செய்தது ஒரே இடத்தில்தான். மூன்று அறைகளை ஒரே நாளில் காலி செய்தீர்கள். காலி செய்வது வேகமான வேலை, மகிழ்ச்சியான வேலை. அதனால் கை அதையே செய்துகொண்டு போகும். திரும்ப அடுக்குவதுதான் மெதுவான வேலை, அது சாயங்காலம் உடம்பு ஓய்ந்தபோதுதான் வந்து சேரும். என் கணக்கில் ஒரு மணி நேரம் காலி செய்தால் மூன்று மணி நேரம் அடுக்க வேண்டும். அதனால் இப்போதெல்லாம் ஒரு தட்டை இறக்கினால், அந்தத் தட்டு திரும்ப ஏறும்வரை அடுத்ததைத் தொடுவதில்லை.

வரிசை என்றால் இதுதான்: வேண்டாததைக் கழிப்பது, பிறகு உலர்ந்த தூசி, பிறகு ஈரத்துணி, கடைசியில் தரை. அறைக்குள் மேலிருந்து கீழே. ஒட்டடை, மின்விசிறி, அலமாரி உச்சி, சன்னல் கம்பி, மேசை, நாற்காலிக் கால், தரை. தரையைக் கடைசியாக வைத்ததற்குக் காரணத்தை இன்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

மின்விசிறிக்கு ஒரு வழி சொல்கிறேன். சுவிட்சை அணைத்து, யாரும் போட்டுவிடாதபடி அதன்மேல் ஒரு ஒட்டுத்தாள். பழைய தலையணை உறைக்குள் இறக்கையை முழுதாக நுழைத்து, உறையை இரு பக்கமும் அழுத்திப் பிடித்து மெல்ல வெளியே இழுங்கள். தூசி உறைக்குள்ளேயே விழும். பிறகுதான் ஈரத்துணி.

#4 கார_அமிலம் | சனி, இரவு 10:48

வினிகர், சமையல் சோடா கேள்விக்கு வருகிறேன். இரண்டையும் கலந்தால் நுரை பொங்கும், பார்க்க ஏதோ பெரிதாக நடப்பதுபோல இருக்கும். நடப்பது என்ன? வினிகர் ஒரு அமிலம், சோடா ஒரு காரம். ஒன்றை ஒன்று தீர்த்துக்கொண்டு கரியமில வாயுவாகவும், தண்ணீராகவும், சோடியம் அசிட்டேட் என்ற உப்பாகவும் முடிந்துவிடும். நுரை அடங்கிய பிறகு உங்கள் கையில் இருப்பது இலேசான உப்புத் தண்ணீர். வேலை செய்யக்கூடிய இரண்டு பொருளைச் சேர்த்து வேலைக்கு ஆகாத ஒன்றாக்குகிறோம்.

தனித்தனியாக இரண்டும் நல்லவை. குழாயில் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புப் படிவு. அமிலத்தில் கரையும். வீட்டு வினிகரில் சுமார் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் விட்டு, தேய்த்து, தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். இரவு முழுக்கச் சுற்றிவைக்காதீர்கள், பூச்சு கெடும்.

பளிங்குக் கல்லில் வினிகர் வேண்டவே வேண்டாம். பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான். குழாயின் கறையைக் கரைக்கும் அதே அமிலம் கல்லையும் கரைக்கும். மங்கலாக ஒரு வட்டம் விழும். அது கறை இல்லை, கல்லே அரிக்கப்பட்ட இடம். மெருகு போட்டால்தான் போகும்.

எண்ணெய்ப் பிசுக்குக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும், அதாவது காரம். வெந்நீரில் சலவை சோடா போட்டால் பிசுக்கு இளகிக் கழன்றுவரும். ஆனால் அலுமினியத்தில் அதைப் போடக்கூடாது, கறுத்துப்போகும். அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சும் இயந்திரத்தின் சல்லடை பல வீடுகளில் அலுமினியம்தான். அதற்குப் பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் போதும், கொஞ்சம் நேரம் ஊறவிட வேண்டும், அவ்வளவுதான்.

#5 தும்மல்ராணி | ஞாயிறு, காலை 6:30

எனக்குத் தூசி ஒவ்வாமை இருக்கிறது. வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று நான்கு நாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிடந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உலர்ந்த துடைப்பத்தால் தட்டித் தட்டிப் பெருக்கினால் தூசி போவதில்லை, ஏறி மிதக்கிறது. மிதந்து முடித்து மணி நேரம் கழித்து அதே மேசையில் வந்து உட்காரும். அதனால் தூசி தட்டுவதை விட்டுவிட்டு ஈரத்துணியால் ஒற்றி எடுக்கப் பழகினேன். மைக்ரோஃபைபர் துணி இன்னும் நல்லது. அதன் இழைகள் மிக மெல்லியவை என்பதால் தூசி அதில் சிக்கிக்கொள்ளும். துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள். இழைகளில் பூச்சாகப் படிந்து, தூசியைப் பிடிக்கும் தன்மை போய்விடும்.

மெத்தை பற்றி. தூசி உண்ணி என்று ஒரு ஜீவன் இருக்கிறது, கால் மில்லிமீட்டர் நீளம்தான், வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்கள்தான் அதன் சாப்பாடு. அது கடிப்பதில்லை. அதன் எச்சத்தில் இருக்கும் புரதம்தான் என் மூக்கைத் தொந்தரவு செய்கிறது. 1960களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள்தான் வீட்டுத்தூசி ஒவ்வாமைக்கு இந்த உண்ணிதான் முக்கியக் காரணம் என்று காட்டினார்கள். அதுவரை தூசியையே பொதுவாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

படுக்கை விரிப்பு, தலையணை உறை இரண்டையும் 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்தால் உண்ணி சாகும். குளிர்ந்த தண்ணீரில் துவைத்தால் எச்சம் ஓரளவு கழுவிப்போகும், உண்ணி பிழைத்துக்கொள்ளும். வெந்நீரில் போட முடியாத பொம்மைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு நாளுக்கும் மேல் உறைபெட்டியில் வைப்பேன், பிறகு துவைப்பேன். உறைந்ததால் உண்ணி செத்தாலும் எச்சம் அங்கேயேதான் இருக்கும், ஆகவே துவைக்காமல் விடக்கூடாது.

மெத்தையை உறிஞ்சு இயந்திரத்தால் மெதுவாக, ஒவ்வொரு கைநீளமாக உறிஞ்சுங்கள். ஹெப்பா வடிகட்டி இருக்கும் இயந்திரம் என்றால் நல்லது. 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அந்தப் பெயருக்கான அளவுகோல். சாதாரணப் பை உள்ள இயந்திரம் பின்பக்கமாக நுண்தூசியை அறைக்கே திருப்பித் தந்துவிடும். மெத்தையின் மேல் தண்ணீர் ஊற்றித் துவைக்க நினைக்காதீர்கள். உள்ளே காயாத ஈரம்தான் உண்ணிக்குச் சொர்க்கம். அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தாக்குப்பிடிக்காது.

எழுந்தவுடன் படுக்கையை மூடிப் பரப்பாமல் கொஞ்சம் நேரம் திறந்துபோட்டு வைப்பேன். ஒழுங்கில்லாதவள் என்று பேர், போகட்டும்.

#6 பரண்பூனை | ஞாயிறு, காலை 8:05

அலமாரிக்குள் தள்ளிவிட்டுத் தூங்கினோம். நன்றி.

இன்று கழிவறையை எடுக்கிறேன். கறை எடுக்கும் அமிலம் ஒரு புட்டி இருக்கிறது. கிருமி போக ப்ளீச்சும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஊற்றிவிட்டால் ஒரே தடவையில் வேலை முடிந்துவிடும்தானே?

#7 கார_அமிலம் | ஞாயிறு, காலை 8:07

நிறுத்துங்கள். ஊற்றாதீர்கள்.

ப்ளீச் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட். கழிவறைக் கறை நீக்கி பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்ர் நகருக்கு அருகே போர்க்களத்தில் ஆயுதமாக விட்டார்களே, அதே வாயு. அது காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது, தாழ்வாகத் தங்கும். கழிவறையில் குனிந்து தேய்ப்பவரின் முகம் எங்கே இருக்கும் என்று யோசியுங்கள்.

வினிகர் சேர்த்தாலும் இதேதான். அம்மோனியா உள்ள சன்னல் துடைப்பான் சேர்த்தால் குளோரமின் வாயுக்கள். அடைப்பு நீக்கும் காரத்தூளோடு அமிலம் சேர்ந்தால் சூடாகிச் சீறித் தெறிக்கும். நேற்று ஒன்றை ஊற்றிக் கழுவாமல் விட்ட தொட்டியில் இன்று இன்னொன்றை ஊற்றுவதும் கலப்பதுதான்.

#8 பரண்பூனை | ஞாயிறு, காலை 8:11

மூடி இரண்டையும் திறந்து வைத்திருந்தேன். மூடிவிட்டேன். கை கொஞ்சம் நடுங்குகிறது.

#9 நடுவர் | ஞாயிறு, காலை 8:40

#7 ஐ இழையின் மேலே பொருத்தி வைத்திருக்கிறேன். யாராவது தெரியாமல் கலந்துவிட்டால்: உடனே வெளியே வாருங்கள், கதவைத் திறந்துவிடுங்கள், துடைக்கலாம் என்று திரும்ப உள்ளே போகாதீர்கள். இருமலோ மூச்சுத்திணறலோ நெஞ்சு இறுக்கமோ இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். இந்த வாயுவின் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் கூடலாம். ஆகவே முதலில் சரியாகிவிட்டது என்று தோன்றினாலும் அலட்சியம் வேண்டாம்.

#10 மூன்றாம்மாடி | ஞாயிறு, காலை 9:20

தம்பி, நானும் ஒரு தடவை செய்திருக்கிறேன், சின்ன அளவில். கண் எரிந்து, தொண்டை காய்ந்து, வெளியே ஓடிவந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். மூடிய குளியலறை, சன்னல் ஒரு சாண் அளவு. அன்றிலிருந்து ஒரு பழக்கம். கழிவறையில் எந்த நேரமும் ஒரே ஒரு புட்டிதான் வைப்பேன். இரண்டாவது புட்டி அலமாரியில் பூட்டி இருக்கும். கைக்கு எட்டாதது கலக்காது.

கிருமி போக வேண்டும் என்கிறீர்கள். முதலில் சோப்புத் தண்ணீரில் அழுக்கைத் தேய்த்து எடுங்கள், கழுவுங்கள், அதன்பின் ப்ளீச். அழுக்கின்மேல் ஊற்றினால் ப்ளீச்சின் சக்தி அழுக்கிலேயே செலவாகிவிடும்.

#11 கார_அமிலம் | ஞாயிறு, காலை 9:34

அம்மா சொன்னது மிகச்சரி. அளவு சொல்லிவிடுகிறேன். 5 சதவீத ப்ளீச் என்றால் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர். அப்போது 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும், கதவுக் கைப்பிடி, குழாய்த் திருகு, மேசை போன்ற இடங்களுக்கு அது போதும். குளிர்ந்த தண்ணீரில் கலக்குங்கள், சூட்டில் சிதைந்துவிடும். மேற்பரப்பு சில நிமிடங்களாவது ஈரமாகவே இருக்க வேண்டும். புட்டிமேல் எத்தனை நிமிடம் என்று எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊற்றிய கையோடு துடைத்துவிட்டால் வாசனைதான் மிச்சம். கலந்த கரைசலை அன்றே தீர்த்துவிடுங்கள், நாளைக்கு வலு இருக்காது.

எல்லா இடத்துக்கும் கிருமிநாசினி தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீட்டு மேற்பரப்புக்குச் சோப்பும் தண்ணீரும் தேய்ப்பும்தான்.

#12 சோம்பேறிசங்கம் | ஞாயிறு, காலை 10:02

நான் கூட இப்போது என் கழிவறை மூலையில் எத்தனை புட்டி நிற்கிறது என்று போய் எண்ணினேன். நான்கு. ஒன்றை மட்டும் விட்டு மற்றதை மாற்றிவிட்டேன். இந்த வருட வேலை முடிந்தது.

#13 திருகாணி | ஞாயிறு, மதியம் 1:15

எல்லாரும் துடைப்பது பற்றியே பேசுகிறீர்கள். சாமான்களின் உட்புறத்தை யாரும் நினைப்பதில்லை.

குளிர்சாதனப் பெட்டியைச் சுவரை விட்டு இழுத்து, மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுப் பின்னாலோ அடியிலோ இருக்கும் கம்பிச்சுருளைப் பாருங்கள். தூசி ஒரு போர்வைபோல் போர்த்தியிருக்கும். வெப்பம் வெளியேற முடியாமல் இயந்திரம் கூடுதல் நேரம் ஓடும். மென்மையான தூரிகையும் உறிஞ்சு இயந்திரமும் போதும். கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடம் சரியாக மூடவில்லை. பல நேரம் ரப்பர் கெட்டிருக்காது, மடிப்பில் அழுக்குதான் இருக்கும். உள்ளே 4 டிகிரிக்கு மேலே போகக்கூடாது, உறைபெட்டி மைனஸ் 18.

சலவை இயந்திரம் முன்கதவு வகை என்றால் கதவு ரப்பரின் மடிப்பை விரித்துப் பாருங்கள். நான் திறந்த ஒன்றில் இரண்டு குழந்தைக் காலுறை, ஒரு ஹேர்பின், பொத்தான்கள். துணி எதுவும் போடாமல் அதிக சூட்டில் ஒருமுறை ஓட்டுங்கள். வேலை முடிந்ததும் கதவைச் சற்றுத் திறந்தே வையுங்கள். கீழே சின்னக் கதவுக்குள் பம்பின் வடிகட்டி இருக்கும். திறக்கும்முன் அடியில் ஒரு தட்டு வைக்காமல் திறந்தீர்களோ, தரையை இரண்டாம் தடவை துடைப்பீர்கள்.

டிவி, கணினித் திரைகளுக்குச் சன்னல் துடைப்பான் வேண்டாம். அதில் உள்ள அம்மோனியாவும் ஆல்கஹாலும் திரைப்பூச்சைக் கெடுக்கும். அணைத்து, ஆறவிட்டு, சற்றே ஈரமான மென்துணி. திரவத்தைத் திரையில் அல்ல, துணியில்தான் தெளிக்க வேண்டும்.

ரிமோட்டில் மின்கலம் கசிந்து வெள்ளைப் பொடி கட்டியிருந்தால் அது காரம். பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகர், துடைத்து, உலரவிடுங்கள். கார_அமிலம் சார் வினிகரை ரொம்பவும் குறைத்துப் பேசிவிட்டார், ஒரு நல்ல வேலை கொடுத்தேன். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

#14 பரண்பூனை | ஞாயிறு, மாலை 6:50

கழிவறை முடிந்தது, வெறும் அமிலக் கறைநீக்கி மட்டும், கையுறை போட்டு, சன்னல் திறந்துவைத்து. கழுவி முடித்துவிட்டேன். ப்ளீச் இன்னொரு நாள்.

இன்னொரு சிக்கல். படுக்கையறை அலமாரியை நகர்த்தினேன். பின்சுவரில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம், ஒரு கைக்குட்டை அளவு இருக்கும். மனைவி பார்த்துவிட்டு, "இத்தனை வருடம் இதன் பக்கத்தில்தான் தூங்கினோமா?" என்றாள். இதற்கு ப்ளீச் அடிக்கலாமா?

#15 தும்மல்ராணி | ஞாயிறு, இரவு 7:20

அடித்தால் கறுப்பு நிறம் போகும், பூஞ்சணம் திரும்பும். ஈரத்தை ஊறவிடும் சுவரில் ப்ளீச்சின் செயல் மேலோடு நின்றுவிடும், அதன் தண்ணீர் மட்டும் உள்ளே இறங்கும். சோப்புத் தண்ணீரில் தேய்த்து எடுத்து, முழுக்க உலரவிடுங்கள். முகமூடி கட்டிக்கொள்ளுங்கள், என்95 இருந்தால் நல்லது. உலர்ந்த பூஞ்சணத்தைச் சுரண்டாதீர்கள், விதைத்துகள் அறை முழுக்கப் பரவும்.

உண்மையான வேலை ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான். அலமாரி சுவரோடு ஒட்டி நின்றால் பின்னால் காற்றே ஓடாது. வெளிச்சுவர் என்றால் குளிர்ந்து, அறையின் ஈரம் அதில் படியும். ஒரு கை நுழையும் அளவு இடைவெளி விட்டு நிறுத்துங்கள். மேலிருந்து குழாய் கசிகிறதா என்றும் பாருங்கள். நனைந்த பொருளை ஒன்றிரண்டு நாளுக்குள் உலர்த்திவிட்டால் பூஞ்சணம் பொதுவாகப் பிடிக்காது. ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தால் நீங்களே கை வைக்க வேண்டாம், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

#16 திருகாணி | ஞாயிறு, இரவு 7:41

மிகப் பழைய சுவரில் சுண்ணாம்பு உரிகிறது, வண்ணம் பெயர்கிறது என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தோன்றும். பல பத்தாண்டுப் பழைய எண்ணெய் வண்ணத்தில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த நிலையில் தேய்த்து அதைத் தூசியாக்கக்கூடாது. குழந்தை இருக்கும் வீட்டில் இன்னும் கவனம்.

#17 மூன்றாம்மாடி | ஞாயிறு, இரவு 8:15

அலமாரிக்குள் அந்துருண்டை வைத்திருக்கிறீர்களா? நாப்தலின் உருண்டை. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் துணியோடு வைக்க வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகலாம். மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து வேறு. அழுக்குத் துணியைத்தான் பூச்சி அதிகம் தேடி வரும். துவைத்து, நன்றாக உலர்த்தி, மூடியுள்ள பெட்டியில் வைத்தாலே பாதி பிரச்சினை இல்லை.

பழைய மாத்திரை, மருந்து கிடைத்தால் கழிவறையில் போடாதீர்கள். மருந்துக்கடையில் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். பழைய வகைக் குழல்விளக்கோ சிஎஃப்எல் என்கிற சுருள்விளக்கோ உடைந்தால் உடனே துடைப்பம் எடுக்காதீர்கள், அதில் பாதரசம் உண்டு. எல்லாரும் அறையை விட்டு வெளியே, சன்னல் திறந்து பத்து நிமிடம். பிறகு கெட்டி அட்டையால் கூட்டி, ஒட்டும் நாடாவால் ஒற்றி எடுங்கள். உறிஞ்சு இயந்திரம் வேண்டாம்.

#18 ஒட்டடைக்கோல் | திங்கள், காலை 7:10

சன்னலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வெயில் நேராக விழும்போது கண்ணாடி துடைக்காதீர்கள். துடைக்கும்முன்பே திரவம் காய்ந்து கோடு விழும். உள்பக்கத்தைக் கிடைமட்டமாகவும், வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாகவும் துடையுங்கள். கோடு எஞ்சியிருந்தால் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கோட்டின் திசையே சொல்லிவிடும். வெளிப்பக்கம் மாடியில் இருந்தால் உடம்பை வெளியே தொங்கவிடாதீர்கள். அழுக்காகவே இருக்கட்டும்.

நாற்காலியின்மேல் சின்ன முக்காலி வைத்து ஏறுகிற ஆட்கள் இந்த இழையில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஏணி வாங்கிக்கொள்ளுங்கள். அதன் உச்சிப் படியில் நிற்காதீர்கள்.

#19 பரண்பூனை | திங்கள், இரவு 9:30

நாற்காலிமேல் முக்காலி, என்னைத்தான் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது.

கூடத்தில் பெட்டிகள் மட்டும் மிச்சம். அதில் ஒன்று தகரப்பெட்டி, அப்பாவுடையது. அவர் போய் ஆறு வருடம். மூடியைத் திறந்து பார்த்தேன். உடைந்த மூக்குக்கண்ணாடி, ஓடாத கைக்கடிகாரம், சின்னச் சின்னத் திருகுகள் ஒரு டப்பா நிறைய, அவர் கையெழுத்தில் ஒரு கணக்குப் புத்தகம். அதற்கு மேல் வேலை ஓடவில்லை. தூக்கிப்போடவும் மனமில்லை, வைக்கவும் இடமில்லை. இதற்கு ஏதாவது முறை இருக்கிறதா, அல்லது எல்லாரும் இப்படித்தானா?

#20 மூன்றாம்மாடி | திங்கள், இரவு 9:58

எல்லாரும் இப்படித்தான் தம்பி.

இந்த மாதிரிப் பெட்டியைச் சுத்தம் செய்யும் நாளில் திறக்கவே கூடாது. அன்று கையில் குப்பைப்பை இருக்கும், மனசு அவசரத்தில் இருக்கும், இரண்டுமே அந்தப் பெட்டிக்குப் பொருந்தாது. மூடி வைத்துவிடுங்கள். வேறு எந்த வேலையும் இல்லாத ஒரு சாயங்காலம், கூடவே ஒருவர் இருக்கும்போது திறங்கள். மனைவிக்குக் கணக்குப் புத்தகத்தைப் படித்துக்காட்டுங்கள். அப்புறம் எதை வைப்பது என்று தானாகத் தெரியும்.

என் வீட்டுக்காரரின் சட்டை ஒன்று இருக்கிறது. மற்றவற்றைக் கொடுத்துவிட்டேன். அந்த ஒன்றும் வெகுநாள் வெளியே இருந்தது, இப்போது துவைத்து மடித்து அலமாரியில் இருக்கிறது. யாரும் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை.

#21 சோம்பேறிசங்கம் | திங்கள், இரவு 10:05

இந்த இழைக்கு நான் சிரிக்கத்தான் வந்தேன்.

#22 கார_அமிலம் | செவ்வாய், காலை 6:45

கணக்குப் புத்தகம் வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் இருக்கட்டும். பரணும் வேண்டாம், குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். சாதாரணப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து மூடாதீர்கள், உள்ளே ஈரம் நின்றால் தாள் பழுக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் செல்பேசியில் படம் எடுத்துவையுங்கள்.

#23 பரண்பூனை | சனி, இரவு 8:20

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். ஒட்டடைக்கோல் அண்ணன் முறைப்படி ஒரு நாளைக்கு ஒரு தட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு முழு அறை என்று பிரித்துக்கொண்டேன்.

முடிந்தவை: படுக்கையறை, கழிவறை, கூடம், சமையலறைப் புகைச்சல்லடை (அலுமினியம்தான், தப்பித்தது). குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் இருந்தது தூசி இல்லை, கம்பளி. சலவை இயந்திர ரப்பரில் என் பொத்தான் ஒன்று, மூன்று வருடமாகத் தேடியது. வடிகட்டியைத் திறக்கும்முன் தட்டு வைத்தேன், தட்டு போதவில்லை. அலமாரி இப்போது சுவரிலிருந்து ஒரு கை தள்ளி நிற்கிறது, பூஞ்சணம் இதுவரை திரும்பவில்லை.

முடியாதவை: சன்னல்கள், புத்தக அலமாரி, பரணின் பின்பாதி. தகரப்பெட்டியை வெள்ளிக்கிழமை சாயங்காலம் திறந்தோம். அப்பா ஒரு வருடம் முழுக்கப் பேருந்துக் கட்டணத்தை மட்டும் தனியாகக் கூட்டி எழுதியிருக்கிறார், அதன் காரணம் யாருக்கும் தெரியவில்லை. பெட்டியைத் துடைத்து மேசைக்கு அடியில் வைத்திருக்கிறோம்.

ஒரே ஒரு கேள்வி. குளியலறையின் வெளியேற்று மின்விசிறியின் முன்சட்டத்தைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். மாட்டி முடித்தபின் மேசையில் ஒரு திருகு மிச்சம் இருக்கிறது.

#24 திருகாணி | சனி, இரவு 8:26

விசிறியைப் போடாதீர்கள். சுவிட்சை அணைத்தே வையுங்கள். முன்சட்டத்துக்குப் பொதுவாக நான்கு மூலையிலும் திருகு இருக்கும், ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பாருங்கள். எல்லாம் இருந்தால் சட்டத்தைத் திரும்பக் கழற்றி, இறக்கைக்கு நடுவில் உள்ள திருகையும் மோட்டாரைச் சுவரோடு பிடித்திருக்கும் திருகுகளையும் பாருங்கள். மிச்சமிருப்பதன் நீளம் என்ன? தலை தட்டையா, உருண்டையா?

#25 பரண்பூனை | சனி, இரவு 8:51

நான்கு மூலையும் இருக்கிறது. நடுவிலும் இருக்கிறது. மோட்டாரும் ஆடவில்லை.

மனைவி பார்த்துவிட்டுச் சொன்னாள், நேற்று சாயங்காலம் அப்பாவின் டப்பாவை இதே மேசையில்தான் கொட்டிப் பார்த்தோம்.